'மோல்கரீண்' இழிசொல் அன்று

வீட்டுவேலை செய்யும் பெண்களை 'மோல்கரீண்' என்று மராத்தியில் குறிப்பது இழிவு. 'ஹவுஸ் ஹெல்ப்' என்றோ 'வீட்டு உதவியாளர்' என்றோ சொல்வதே நாகரிகம் என்று புனேவில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர் வலியுறுத்துகின்றனர். நோக்கம் நல்லது, ஆராய்ச்சிதான் போதவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'மோல்' என்றால் விலை, கூலி. வடமொழி 'மூல்ய' பிராகிருதத்தில் 'மொல்ல' என்றாகி மராத்தியில் 'மோல்' என நின்றது. 'கரீ' செய்பவரைக் குறிக்கும் விகுதி. உழவரைச் சுட்டும் 'சேத்கரீ', பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் அடியவரைச் சுட்டும் 'வார்கரீ' ஆகியவற்றில் வருவதும் இதே விகுதிதான். இறுதி 'ண்' பெண்பால் ஈறு. கூலி பெற்று உழைப்பவள் என்பதே பொருள். இதில் இழிவு எங்கே இருக்கிறது?

'உதவி'யையும் இப்படி நிறுத்துப் பாருங்கள். உதவிக்குக் கூலி இல்லை, வார விடுமுறை இல்லை, ஊதிய உயர்வு கேட்கும் உரிமையும் இல்லை. நன்றி மட்டுமே உண்டு. 'எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி' என்று உருகும் வாய், மாதச் சம்பளத்தில் இரண்டு நாளைப் பிடித்தம் செய்யவும் தயங்குவதில்லை.

1980இல் இந்நகரின் வீட்டுவேலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்வழி உருவான சங்கத்தின் பெயர் 'புனே ஷஹர் மோல்கரீண் சங்கடனா'. உழைத்தவர்களின் அமைப்பே கூச்சமின்றித் தாங்கி நிற்கும் பெயருக்காக நாம் ஏன் கூச வேண்டும்?

சொல்லை மாற்றினால் இழிவு நீங்கும் என்போர் 'பாயி'யின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும். அது பெண்டிரை மதித்து அழைக்கும் சொல். அகல்யாபாய், இலட்சுமிபாய் ஆகிய பெயர்களில் இருப்பது அதுவே. 2014இல் புனே பல்கலைக்கழகம் சாவித்திரிபாய் புலேயின் பெயரைப் பெற்றபோது அச்சொல்லும் அதன் முகப்பில் ஏறியது. அதே சொல்தான் இன்று அடுக்ககங்களில் 'பாயி வரவில்லை' என்னும் சலிப்பாகத் தேய்ந்து கிடக்கிறது. உயர்ந்த சொல்லையும் நம் நடத்தை கீழே இறக்கிவிடும். நாளை 'உதவியாளர்' என்பதற்கும் இதே கதிதான்.

மகாராஷ்டிரம் வீட்டுப் பணியாளர் நல வாரியத்துக்கு 2008இல் சட்டம் இயற்றியது. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா, அதற்கு இன்றளவும் ஏற்புறுதி அளிக்கவில்லை. விவாதம் நடக்க வேண்டிய இடம் அது.

நேரில் அழைப்பதற்கு அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது; அதைச் சொல்லி அழையுங்கள். தொழிலைக் குறிக்கும் சொல்லில் உள்ள 'மோல்' என்பதை அழிக்காதீர்கள்; மாதந்தோறும் குறையாமல் கொடுங்கள்.