மாலை யார் கையில்? – பென்சில்வேனியாவின் செனட் முதனிலைத் தேர்தல்களை முன்வைத்து

சுயம்வரம் என்று நாடெங்கும் ஓலை போக்கிவிட்டு, முதல்நாள் இரவே பின்வாசல் வழியாக ஒருவரை அழைத்துவந்து மாலையிட்டுவிட்டால் அதற்குச் சுயம்வரம் என்று பெயரில்லை. மறுநாள் வந்தமரும் அரசர்களுக்கு அது அவமதிப்பு. மாலையேந்தி நிற்கும் பெண்ணுக்கோ அதனினும் பெரிய வஞ்சனை. அமெரிக்காவின் செனட் சபைக்கு நடக்கும் முதனிலைத் தேர்தல்களைக் கவனித்துவரும் நமக்கு இவ்வுவமையே மீண்டும் மீண்டும் தோன்றுகிறது.

நம் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேட்பாளரைத் தேர்வது அக்கட்சியின் வாக்காளருக்குரிய உரிமை. வாஷிங்டனில் அமர்ந்திருக்கும் மேலிடத்தார் கருத்துச் சொல்லலாம். களத்தைக் காலிசெய்யும் அதிகாரம் அவர்களுக்கில்லை. அவ்வதிகாரத்தைக் கைக்கொள்ள அவர்கள் காட்டும் ஒரே நியாயம் 'வெற்றிவாய்ப்பு' என்னும் சொல். பென்சில்வேனியா என்னும் ஒரு மாநிலத்தின் இருபதாண்டு வரலாற்றை விரித்துவைத்தால் அந்த நியாயமும் நிற்கவில்லை என்பது விளங்கும்.

தலைமை நிலையத்திலிருந்து வேட்பாளர் பட்டியல் வெளிவரக் கண்டு பழகிய நமக்கு முதனிலைத் தேர்தல் என்பது அயலான ஏற்பாடு. சுருங்கச் சொன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களாகப் பதிவுசெய்துகொண்ட பொதுமக்களே வாக்களித்து முடிவுசெய்வது. 1913-இல் பதினேழாவது திருத்தம் நிறைவேறும்வரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே அனுப்பிக்கொண்டிருந்தன. மூடிய அறைக்குள் கட்சி முதலாளிகள் பேரம்பேசி ஆளை முடிவுசெய்கிறார்கள் என்ற சினத்திலிருந்தே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேரடித் தேர்தலும் முதனிலைத் தேர்தலும் பரவின. அறை மூடியிருந்தது என்பதற்காகத் திறந்துவைத்த கதவு அது. அந்தக் கதவை இப்போது உள்ளிருந்து தள்ளுகிறவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

குடியரசுக் கட்சியிலிருந்து தொடங்குவோம். 2004-இல் அக்கட்சியின் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர். 1980-இல் தேர்வுபெற்று அவையிலேயே நரைத்தவர். தம் கட்சியின் தீவிரப் பழைமைவாதிகளுக்கு ஆகாதவர். அவரை எதிர்த்து முதனிலைத் தேர்தலில் இறங்கியவர் பாட் டூமி என்னும் கீழவை உறுப்பினர். பழைமைவாதிகளின் உள்ளம் டூமியிடம் இருந்தது. மேலிடத்தின் கை ஸ்பெக்டரின் தோளில் இருந்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் நேரில் வந்து ஸ்பெக்டருக்காக வாக்குக் கேட்டார். அம்மாநிலத்தின் மற்றொரு செனட்டரும் பழைமைவாதிகளின் செல்லப்பிள்ளையுமான ரிக் சாண்டோரமும் அவ்வாறே செய்தார். ஏறத்தாழ 17,000 வாக்கு வேறுபாட்டில் ஸ்பெக்டர் பிழைத்தார். நவம்பரில் எளிதாக வென்றும்விட்டார். 'பார்த்தீர்களா எங்கள் கணக்கை!' என்று மேலிடம் மார்தட்டிக்கொள்ள இடமிருந்தது.

ஐந்தாண்டு கழிந்தது. 2009 ஏப்ரல் 28 அன்று அதே ஸ்பெக்டர் கட்சி மாறி ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். கொள்கை மாற்றம் என்று அவர் அதை முழுவதும் பூசிமெழுகவில்லை. தம் இருபத்தொன்பது ஆண்டுப் பணியைக் குடியரசுக் கட்சியின் முதனிலை வாக்காளர் தீர்ப்புக்கு விடத் தாம் விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். அவ்வாக்காளரிடமிருந்துதான் மேலிடம் அவரை 2004-இல் காப்பாற்றியது. காப்பாற்றியவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு இது!

இனி ஜனநாயகக் கட்சியின் முறை. வந்தவரை அவர்கள் வரவேற்றது பிழையன்று. ஸ்பெக்டரின் வருகையும், அவ்வாண்டு ஜூலையில் மின்னசோட்டாவின் அல் ஃபிராங்கன் பதவியேற்றதும் சேர்ந்து அவர்களுக்கு அவையில் அறுபது வாக்கு அமைந்தது. அறுபது இருந்தால் எதிர்க்கட்சி விவாதத்தை இழுத்தடித்து மசோதாவைக் கொல்ல முடியாது. 2009 டிசம்பர் 24 அன்று மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செனட்டில் நிறைவேறியது 60-க்கு 39 என்ற கணக்கில். அவ்வறுபதில் ஸ்பெக்டரும் ஒருவர். ஆகவே அதிபர் ஒபாமாவும் துணை அதிபர் பைடனும் மாநில ஆளுநர் எட் ரெண்டலும் அவர்பால் நன்றியுடையவர்களாக இருந்தது இயல்பே.

ஆனால் அந்நன்றிக்கடனை எதைக்கொண்டு அடைத்தார்கள் என்பதில்தான் வழக்கு. தம்மிடமிருந்ததைக் கொண்டு அடைத்திருந்தால் நமக்கு வாயில்லை. அவர்கள் அடகுவைத்தது பென்சில்வேனியாவின் ஜனநாயகக் கட்சி வாக்காளருக்குச் சொந்தமான வேட்பாளர் இடத்தை. கடன் வாங்கியவர் ஒருவர், ஈடாகப் போனது இன்னொருவர் நிலம் என்றால் ஊர்ப்பஞ்சாயத்தில்கூட ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர் அங்கும் இருந்தார். ஜோ செஸ்டாக், கடற்படையில் மூன்று நட்சத்திரத் தளபதியாக உயர்ந்து, பின்னர் கீழவை உறுப்பினரானவர். 2009 கோடையில் அவர் செனட் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது வெள்ளை மாளிகை அவரிடம் தூது அனுப்பியது. தமிழில் தூது என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. கிளியையும் மேகத்தையும் தமிழையும் பணத்தையும்கூடத் தூது விட்டிருக்கிறார்கள் நம் புலவர்கள். முன்னாள் அதிபர் ஒருவரைத் தூது விட்ட பெருமை வெள்ளை மாளிகையையே சாரும். அலுவலகத் தலைவர் ராம் இமானுவேல் கேட்டுக்கொண்டபடி பில் கிளின்டன் செஸ்டாக்கிடம் பேசினார். கீழவைப் பதவியில் இருந்துகொண்டே ஊதியமில்லாத ஆலோசனைக் குழுப் பதவியொன்றை ஏற்கலாமே என்பது தூதின் சாரம். செனட் போட்டியைக் கைவிடவேண்டும் என்பது உட்கிடை. செஸ்டாக் மறுத்துவிட்டார்.

இது வதந்தியன்று. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் 2010 மே 28 அன்று வெளியிட்ட குறிப்பிலேயே உள்ள செய்தி. முறைகேடு ஏதுமில்லை என்று அக்குறிப்பு முடிகிறது. சட்டம் மீறப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாம் கேட்பது சட்டத்தையன்று, அறத்தை. இலட்சக்கணக்கான மக்கள் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கும் ஒரு வழக்கில், ஒரு தரப்பு வழக்காடவே வராதபடி செய்யும் முயற்சிக்கு என்ன பெயர்?

மக்கள் தம் பெயரை அதற்கு இட்டார்கள். மாநிலக் கட்சிக் குழு, தொழிற்சங்கக் கூட்டமைப்பு, ஆளுநர், துணை அதிபர், அதிபர் என்று எல்லோரும் ஒருபுறம் நிற்க, 2010 மே 18 அன்று செஸ்டாக் 53.9 விழுக்காடு பெற்று வென்றார். நவம்பரில் டூமியிடம் இரண்டு விழுக்காட்டில் தோற்றார். ஏறத்தாழ 80,000 வாக்கு வேறுபாடு. நாடெங்கும் குடியரசுக் கட்சியின் அலை வீசிய ஆண்டு அது. அவ்வலையில் இவ்வளவு நெருங்கி வந்தவரை அடுத்த முறைக்கு ஆயத்தப்படுத்துவதே அறிவுடைய கட்சி செய்யக்கூடியது.

கட்சி செய்தது வேறு. 2015-இல் செஸ்டாக் மீண்டும் புறப்பட்டார். பென்சில்வேனியாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நானூறு மைலுக்கு மேல் நடந்தே போனார். மேலிடமோ வேறு ஆளைத் தேடியது. சொன்னபடி கேட்கமாட்டார் என்பதே அவர்மேல் இருந்த குறை என்று அந்நாளைய நாளிதழ்கள் எழுதின. கிடைத்தவர் ஆளுநர் அலுவலகத் தலைவராக இருந்த கேட்டி மக்கின்டி. அவ்வம்மையார் தகுதியற்றவர் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். சுற்றுச்சூழல் நிருவாகத்தில் தேர்ந்தவர். ஆயின் வெற்றிவாய்ப்பே அளவுகோல் என்றால், 2014 ஆளுநர் முதனிலைத் தேர்தலில் நான்காம் இடத்துக்கு வந்தவர் அவர் என்பதையும் அந்த அளவுகோல் அளந்திருக்க வேண்டுமல்லவா? அதிபரும் துணை அதிபரும் ஆதரவு அறிவித்தனர். கட்சியின் செனட் தேர்தல் குழு முதனிலைத் தேர்தலிலேயே பத்து இலட்சம் டாலருக்கு மேல் இறைத்தது. 2016 ஏப்ரலில் மக்கின்டி 42.5 விழுக்காடு பெற்று வென்றார். செஸ்டாக்குக்கு 32.6. நவம்பரில் மக்கின்டி டூமியிடம் ஒன்றரை விழுக்காட்டில் தோற்றார்.

செஸ்டாக் நின்றிருந்தால் வென்றிருப்பார் என்று நாம் சோதிடம் சொல்லவில்லை. அது எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லி மக்களின் தேர்வில் கைவைத்தார்களே, அதுவே நம் குற்றச்சாட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, தோற்றபின் ஆண்டையும் அலையையும் பழித்தார்கள்.

அதே 2016 முதனிலைத் தேர்தலில் 19.5 விழுக்காடு பெற்று மூன்றாமிடத்தில் நின்றவர் ஜான் ஃபெட்டர்மன். கார்னகியின் எஃகு ஆலையால் எழுந்து, பின் தேய்ந்து, இரண்டாயிரம் பேர் அளவுக்குச் சுருங்கிப்போன பிராடக் என்னும் சிற்றூரின் நகரத் தந்தை. மேலிடத்தின் கண்ணுக்கு அவர் அன்று ஒரு வேடிக்கை மனிதர். 2022-இல் அவர் மீண்டும் வந்தார். கட்சிப் பெரியோர் பலர் கானர் லாம் என்பவரை விரும்பினர். மாநிலக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு திரளாததால் எவருக்கும் முத்திரை விழவில்லை. தேசிய செனட் குழுவும் இம்முறை ஒருவரையும் சுட்டவில்லை. மக்கள் தாமே தேர்ந்தார்கள்: ஃபெட்டர்மனுக்கு 58.6 விழுக்காடு, 67 மாவட்டங்களிலும் அவரே முதல்வர். முதனிலைத் தேர்தலுக்குச் சில நாள் முன்னர்ப் பக்கவாதம் தாக்கியும், நவம்பரில் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டில் வென்றார்.

எதிர்ப்புறத்தில் நடந்ததையும் பார்க்கவேண்டும். டேவிட் மக்கார்மிக் என்பவர் களத்திலிருக்க, நெடுங்காலம் நியூ ஜெர்சியில் வாழ்ந்த தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மட் ஆஸை டொனால்ட் டிரம்ப் சுட்டிக்காட்டினார். உள்வட்டத்தின் பகைவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் டிரம்ப். ஆயினும் ஃபுளோரிடாவில் அமர்ந்துகொண்டு பென்சில்வேனியாவின் வேட்பாளரை விரல்நீட்டிக் காட்டுகிறவர் மேலிடமல்லாமல் வேறு யார்? 951 வாக்கில் ஆஸ் வேட்பாளரானார், நவம்பரில் தோற்றார். ஒதுக்கப்பட்ட மக்கார்மிக் 2024-இல் வேட்பாளராகி செனட்டரானார்.

இருபதாண்டுக் கணக்கைக் கூட்டிப்பாருங்கள். மேலிடம் இம்மாநிலத்தில் ஒதுக்கிவைத்தவர்கள் டூமி, செஸ்டாக், ஃபெட்டர்மன், மக்கார்மிக் என நால்வர். அவர்களுள் மூவர் பின்னர் செனட் அவைக்குப் போனார்கள். அது முன்னிறுத்தியவர்களோ 2004-இன் ஸ்பெக்டர், 2010-இன் ஸ்பெக்டர், மக்கின்டி, ஆஸ். நவம்பரில் வென்றது முதலாமவர் மட்டுமே. அவரும் கட்சியை விட்டுப் போனார். இதற்குப் பெயர் நிபுணத்துவம் என்றால் அந்தச் சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள் எழுதவேண்டும்.

எதிர்வாதத்தை நாம் மறைக்கவில்லை. பென்சில்வேனியாவை ஒட்டிய டெலவேரில் 2010-இல் குடியரசுக் கட்சி மேலிடத்தார், பொதுத்தேர்தலில் வெல்லக்கூடியவராகத் தோன்றிய மைக் காசிலை விரும்பினர். வாக்காளர் கிறிஸ்டின் ஓடானலைத் தேர்ந்தனர். நவம்பரில் ஓடானல் 40 விழுக்காடு பெற்றுப் படுதோல்வியுற்றார். அங்கே மேலிடத்தின் கணிப்புச் சரி, வாக்காளரின் தேர்வு கட்சிக்கு நட்டம். ஒத்துக்கொள்கிறோம். ஆனால் இதிலிருந்து பெறப்படுவது என்ன? வாக்காளரும் தவறுவர், மேலிடமும் தவறும் என்பதே. இருவரும் தவறக்கூடியவர்கள் என்றால், எவருடைய தவறு பொறுக்கத்தக்கது? உரிமையுடையவன் செய்யும் தவறு அவனுக்குப் பாடம். உரிமையில்லாதவன் செய்யும் தவறு பிறனுக்குத் தண்டனை.

ஃபெட்டர்மன் பதவிக்கு வந்தபின் தம்மைத் தேர்ந்தவர்களில் பலரை ஏமாற்றிவிட்டார் என்று முணுமுணுப்போர் உண்டு. இருக்கலாம். அவரைத் தேர்ந்தவர்கள் அவரிடமே கணக்குக் கேட்கலாம். அடுத்த முதனிலைத் தேர்தலில் தீர்க்கலாம். மேலிடம் தேர்ந்தளித்தவர் ஏமாற்றினால் மக்கள் யாரிடம் போய்க் கேட்பது? வாஷிங்டன் குழுவின் அறைக்கு வாக்குச்சீட்டு இல்லையே.

நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. முதனிலைத் தேர்தல் முடியும்வரை கட்சியின் தேசியக் குழு தன் பணப்பையைத் திறக்காதிருக்கட்டும். போட்டியிட வருபவருக்குப் பதவி காட்டும் தூதுகள் ஒழியட்டும். அதிபரோ தலைவரோ ஒருவரைப் புகழ விரும்பினால் மேடையேறிப் புகழட்டும். மக்கள் கேட்டுவிட்டுத் தாமே முடிவுசெய்வார்கள். 2010-இல் அவர்கள் அப்படித்தான் முடிவுசெய்தார்கள்.

சுயம்வரத்தில் தவறானவனுக்கு மாலை விழுவதும் உண்டு. அதற்காக மாலையைப் பிடுங்கிக்கொள்ளும் உரிமை தந்தைக்கே இல்லை என்னும்போது, விருந்துக்கு வந்தவர்களுக்கு ஏது?