பி.எட். முடித்தால் போதுமா, பல்பு எரிய வேண்டாமா?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் புத்தகம் ஒன்றுதான். ஓம் விதி, மோல் கணக்கு, மெண்டலின் பட்டாணிச் செடி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கு. நடத்துபவரும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். அவர் பட்டம் வாங்கியதோ இதில் ஏதோ ஒரு பாடத்தில்.

பி.எட். இதைச் சரிசெய்யாதா?

அங்கேயும் இயற்பியல், வேதியியல் ஒரு பக்கம், உயிரியல் இன்னொரு பக்கம். ஆனால் நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. 2015 முதல் பி.எட். 2 ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி.

அப்புறம் என்ன பிரச்சினை?

அந்த 20 வாரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான். லெசன் பிளான், சார்ட், ரெக்கார்டில் கையெழுத்து என்று முடிந்துவிட்டால் பயனில்லை.

ஒரே மாதிரியான 2 பல்புகளை பேட்டரியோடு தொடராக இணைத்தால், முதல் பல்பு கரண்டைக் கொஞ்சம் 'சாப்பிட்டுவிடும்', அடுத்தது மங்கலாக எரியும் என்று பல பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வெளிச்சம்தான். போர்டில் சூத்திரம் எழுதினால் இந்த எண்ணம் போகாது, இணைத்துக் காட்டணும். விலங்கியல் படித்தவர் அதை முன்பே செய்துபார்த்திருக்கணும்.

கொள்குறி வினாக்கள் கொண்ட டெட் தேர்வு இதைச் சோதிக்காது.

என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்பு மாணவருக்கே அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. பட்டம் பெறாத பிரிவுகளிலும் 10 சோதனைகளை மாணவர் முன் செய்துகாட்டினால்தான் பி.எட். என்று விதி வைக்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம். பேட்டரி, வயர், பட்டாணி விதை போதும்.