வங்காளிக்கு உடம்பு வணங்காதா?

கொல்கத்தாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. "அவனுக்கு உடம்பு வணங்காது சார். காலையில பேப்பர், மத்தியானம் மீன் சோறு, சாயங்காலம் டீக்கடையில அரசியல். ஃபேக்டரியெல்லாம் யூனியன்காரன் மூடிட்டான். பொம்பளைங்க வேலைக்கே போறதில்ல. இப்ப கவர்மென்ட் வேற மாசாமாசம் பணம் குடுக்குது. வேலை இல்லைங்கறவன் எல்லாம் வேலை வேண்டாங்கறவன்தான்."

இதை நாம் மட்டும் சொல்வதில்லை. பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய், வங்காள இளைஞர்கள் குமாஸ்தா நாற்காலிக்கே ஆசைப்படுகிறார்கள் என்று நூறு வருஷத்துக்கு முன்பே திட்டியிருக்கிறார். பாலிகஞ்ச் பக்கத்து வசதியான வீடுகளில் இன்றும் இதே பேச்சைக் கேட்கலாம். ஆகவே 'வங்காளிகளே ஒப்புக்கொள்கிறார்கள்' என்று சாட்சிக்கு ஆள் சேர்ப்பது சுலபம். ஆனாலும் சாட்சி நிற்காது.

முதலில் சோம்பேறித்தனம். இதைச் சொல்பவரின் ஃப்ளாட்டுக்கு சென்ட்ரிங் அடித்தவரோ டைல்ஸ் பதித்தவரோ மேற்கு வங்கத்தின் மால்தாவிலிருந்தோ முர்ஷிதாபாத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவரை நாம் 'இந்திக்காரர்' என்போம். அவர் போனில் வீட்டோடு பேசுவதென்னவோ வங்காளம். 2023 ஜூன் 2 அன்று பாலாசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது இறந்தவர்களில் பலர் தெற்கே கூலி வேலைக்குப் புறப்பட்ட மேற்கு வங்கத்துக்காரர்கள். 1,600 கிலோமீட்டர் தாண்டி, அன்ரிசர்வ்டு பெட்டியில் நின்றுகொண்டே வருகிறவருக்கு உடம்பு வணங்காது என்று சொல்ல எப்படித்தான் நா எழுகிறதோ.

புள்ளிவிவரம் படித்தவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். மேற்கு வங்கத்தில் வேலையின்மையே பெரிதாக இல்லையே, ஏன் இந்தப் புலம்பல் என்பார்கள். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24இல் இந்தியாவின் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம், மேற்கு வங்கத்தில் அதைவிடக் குறைவு, 2.5. எண் சரிதான். ஆனால் 'வழக்கமான நிலை' என்ற இந்தக் கணக்கில், வருஷத்தில் மொத்தம் 30 நாள் ஏதாவது ஒரு தொழிலில் ஈடுபட்டிருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவராகிவிடலாம். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவரும் வேலையில் இருப்பவர்தான். கொல்கத்தாவின் மேட்டியாபுருஜில் ஓஸ்தாகர் என்கிற தலைமைத் தையல்காரரிடமிருந்து துணிக்கட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நூல் வெட்டி, பட்டன் தைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று சில்லறை வாங்கும் பெண் இந்தக் கணக்கில் வேலையில் இருக்கிறார். ஏழை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால்தான் ஏழை ஊர்களில் இந்த விகிதம் குறைவாக இருக்கிறது. உட்காரக் கொஞ்சமாவது வசதி உள்ளவர்கள் படித்தவர்கள். 2022-23இல் இந்தியப் பட்டதாரிகளிடையே வேலையின்மை 13 சதவீதத்தைத் தாண்டியது.

அடுத்தது யூனியன். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் கட்டுரைக்கு மரியாதை இருக்காது. 1967இல் ஐக்கிய முன்னணி ஆட்சி வந்தபோது 'கெராவ்' என்ற முற்றுகை நாடறிந்த சொல்லாயிற்று. மேலாளரை அறையில் வைத்துச் சூழ்ந்துகொள்வார்கள். மணிக்கணக்கில் வெளியே விட மாட்டார்கள். முற்றுகையில் போலீஸ் தலையிடும் முன் தொழிலாளர் துறை அமைச்சரைக் கேட்க வேண்டும் என்று அரசே சுற்றறிக்கை விட்டது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று அடித்தது. உஷா ஃபேன் தயாரித்த ஜெய் இன்ஜினியரிங் தொடுத்த வழக்கு அது. முதலாளிகள் பயந்தார்கள், சிலர் போனார்கள். அது வரலாறு.

ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 1947இல் சணல் விளையும் நிலத்தில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று; ஆலைகள் ஹூக்ளிக் கரையில் நின்றுவிட்டன. அன்றைக்குக் கெராவ் கிடையாது. 1950களில் சரக்குக் கட்டணச் சமன் கொள்கை வந்தது. இரும்பும் எஃகும் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலை. சுரங்கத்துக்கும் உலைக்கும் பக்கத்தில் இருக்கும் அனுகூலம் கிழக்கிந்தியாவுக்கு இல்லாமல் போயிற்று. 1990களின் தொடக்கம் வரை அது நீடித்தது. அந்தச் சலுகையில் வளர்ந்த மாநிலங்களில் நாமும் உண்டு. வங்காளியைத் திட்டும்போது இதைச் சேர்த்துச் சொல்பவரை நான் பார்த்ததில்லை. 1966ஐ ஒட்டி ரயில்வே, வேகன் கொள்முதலைக் குறைத்தது. ஹவுராவிலும் கொல்கத்தாவிலும் வேகன் செய்த பட்டறைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்த சின்னப் பட்டறைகளும் படுத்தன. கெராவ் அதற்குப் பிறகு வந்தது. நோய் வந்தபின் வந்த காய்ச்சலையே நோய் என்கிறோம்.

1980களுக்குப் பிறகு மேற்கு வங்கத்தில் இழந்த மனித நாட்களில் பெரும்பங்கு வேலைநிறுத்தத்தால் போனதல்ல, நிர்வாகம் செய்த கதவடைப்பால் போனது. ஆலையை முறையாக மூடவேண்டும் என்றால், தொழில் தகராறுகள் சட்டத்தில் 1976இல் சேர்த்த பிரிவின்படி பெரிய ஆலை அரசின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டியிருந்தது. இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. காலை ஷிப்டுக்கு வருகிறவர் கேட்டில் ஒரு தாளைப் பார்க்கிறார். 'சஸ்பென்ஷன் ஆஃப் வொர்க்'. வேலை நிறுத்திவைக்கப்படுகிறது, மறு அறிவிப்பு வரும்வரை. மூடவில்லை, ஆட்குறைப்பும் இல்லை. பெயர் பதிவேட்டில் இருக்கிறது, சம்பளம் இல்லை, இழப்பீடும் இல்லை.

உத்தர்பாராவில் அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் கேட்டில் 2014 மே 24 அன்று ஒட்டிய அறிவிப்பு அந்த வகைதான். 1936 முதல் இயங்கிய சஹாகஞ்ச் டன்லப் டயர் ஆலை மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2011இல் நிரந்தரமாக நின்றது. ஐம்பது வயதுத் தொழிலாளி என்ன செய்வார்? வேறு ஆலை எடுக்காது. முதல் வருஷம் திறக்கும் என்று காத்திருப்பார். கிராஜுவிட்டி, பி.எஃப். பாக்கி இருப்பதால் ராஜினாமா செய்யவும் முடியாது. அப்புறம் கடன் வாங்கி ஒரு 'டோட்டோ', அதாவது பேட்டரி ரிக்‌ஷா, ஓட்டுவார். கணக்கெடுப்பாளர் வந்தால் அவர் சுயதொழில் செய்பவர்; ஆலையின் பதிவேட்டில் தொழிலாளி; உண்மையில் பத்து வருஷமாக வேலை இழந்தவர். இப்படிப்பட்டவர்கள் எவ்வளவு பேர் என்பதற்கு ஒரு மறைமுகச் சான்று உண்டு. பூட்டிய ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே மாநில அரசு 1998இல் மாதம் 500 ரூபாய் உதவித்தொகை தொடங்க வேண்டியிருந்தது. பிறகு அது 1,500 ஆயிற்று. பெரம்பூரில் பின்னி மில் மூடியபோது சுற்றியிருந்த தெருக்கள் என்ன ஆயின என்று நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பொய் கனமானது. 'அந்த ஊர்ப் பெண்களுக்கு வழக்கமில்லை' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். 1970களில் நூறில் இரண்டு, மூன்று பேர். இவர்கள் சீலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தாமாக வீடு திரும்பவில்லை. பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது. 1939இல் வங்காள மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. நல்ல சட்டங்கள். ஆலைக்காரர்கள் அவற்றைச் செலவாகப் பார்த்தார்கள். 1950களில் இயந்திரங்களைப் புதுப்பித்தபோது பெண்கள் செய்துவந்த வேலைகளே முதலில் போயின. ஆணுக்குக் குடும்பம் இருக்கிறது, அவர் வேலையைக் காப்பாற்றுவோம் என்று சங்கங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தன. சமிதா சென் எழுதிய ஆய்வு நூல் இந்த வெளியேற்றத்தை விரிவாகச் சொல்கிறது. ஆணை வெளியே தள்ளினால் அதற்குப் பெயர் வேலையின்மை. பெண்ணைத் தள்ளினால் 'இல்லத்தரசி'. ஒரே ஆலை, ஒரே கேட், இரண்டு கணக்கு.

இன்றைக்கு அந்தப் பெண்களின் பேத்திகளைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் கேனிங் லோக்கலுக்குப் போக வேண்டும். சுந்தரவனக் கரையிலிருந்து பெண்கள் அந்த ரயிலில் நெருக்கியடித்து வந்து தாகுரியா, பாலிகஞ்ச் ஸ்டேஷன்களில் இறங்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் 'காஜேர் மாஷி' என்பார்கள், வேலைக்காரச் சித்தி. அந்த ரயிலுக்கே இழிவாக ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை எழுத மனம் வரவில்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் புறநகர் ரயில்கள் நின்றன, நவம்பர் 11 அன்றுதான் ஓடின. 2021 மே மாதம் மறுபடி நிறுத்தி அக்டோபர் கடைசியில் விட்டார்கள். ஊழியர் சிறப்பு ரயிலில் தங்களையும் ஏற்றச் சொல்லி சோனார்பூர்ப் பக்கம் தண்டவாளத்தை மறித்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். வேலைக்குப் போகும் வழக்கமில்லாதவர்களாம்!

மாசப் பணம் சோம்பேறியாக்குகிறது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2021இல் லக்ஷ்மீர் பண்டார் திட்டம் பொதுப் பிரிவுப் பெண்களுக்கு மாதம் 500 ரூபாயில் தொடங்கியது. வேலையில்லாதவர்களுக்கான யுவஸ்ரீ 1,500 ரூபாய், நாளுக்கு 50. கொல்கத்தாவில் வளர்ந்த அபிஜித் பானர்ஜியும் கூட்டாளிகளும் ஆறு வளரும் நாடுகளின் பணவுதவித் திட்டங்களை ஆராய்ந்து, பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்தார்கள் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று 2017இல் எழுதினார்கள். நம் ஊரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு யார் வேலையை விட்டார்கள்? உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, 'அரசாங்க உத்தியோகமே வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்'. ஆமாம், உட்கார்ந்திருந்தார்கள், மேயோ சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில். 2016 ஆசிரியர் தேர்வில் தகுதி பெற்றும் தங்களை விட்டுவிட்டுப் பணம் கொடுத்தவர்களுக்கு வேலை போனது என்றவர்கள் அவர்கள். ஆண்களும் பெண்களும் வெயிலில், மழையில். 2023 டிசம்பரில் போராட்டத்தின் ஆயிரமாவது நாளன்று ஒரு பெண் அங்கேயே தலையை மழித்துக்கொண்டார். அதற்கு முன்பே, 2022 ஜூலையில், முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜியை அமலாக்கத் துறை கைது செய்திருந்தது. அவருக்கு நெருக்கமானவர் என்று சொல்லப்பட்டவரின் குடியிருப்புகளில் கிட்டத்தட்ட 50 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையே சீர்செய்ய முடியாதபடி கெட்டுவிட்டது என்று 25,753 நியமனங்களை ரத்து செய்தது. நேர்மையாக எழுதி வந்தவர்களும் அதில் போனார்கள். 2013 டெட் தேர்வில் தேறிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த நம் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும், காத்திருப்பது எவ்வளவு கடுமையான வேலை என்று.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் நீண்டகால வேலையின்மை ஆளின் குணத்தோடு ஒட்டியதல்ல, இடத்தோடும் பாலினத்தோடும் ஒட்டியது. சால்ட் லேக் செக்டர் ஐந்தில் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. சியால்டாவிலிருந்து அங்கே 2022 முதல் மெட்ரோ ஓடுகிறது. டீட்டாகட் சணல் ஆலைப் பதிலித் தொழிலாளி லோக்கல் பிடித்து, மெட்ரோ மாறி அங்கே போய்விடலாம்தான். போய் என்ன வேலை கேட்பார்? அவர் தெருவில் வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருப்பவர்கள் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதை மாநில சராசரி சொல்லாது. கொல்கத்தா மாநகராட்சிக்கு 144 வார்டு. வார்டுவாரியாக வேலை செய்பவர், செய்யாதவர் கணக்கு கடைசியாக வந்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். 2021இல் எடுக்க வேண்டியது 2027க்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதற்குள் உத்தர்பாரா மூடிவிட்டது, கொரோனா வந்துபோய்விட்டது.

2011 படிவத்தில், வேலை செய்யாதவரிடம் 'வேலை தேடுகிறாரா, கிடைத்தால் செய்வாரா' என்று ஒரு கேள்வி இருந்தது. 2027லும் அந்தக் கேள்வி இருக்க வேண்டும். விடைகளை வார்டுவாரியாக, ஆண் பெண் பிரித்து வெளியிட வேண்டும். கொல்கத்தாவுக்கு மட்டுமல்ல, பெரம்பூருக்கும் அம்பத்தூருக்கும் சேர்த்துத்தான். கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது, வேலை தேடிக்கொண்டிருக்கும் மகளையோ மருமகளையோ 'சும்மா வீட்டுல இருக்கா' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அவரையே பதில் சொல்ல விடுங்கள்.