காலிங் பெல்லுக்கு எதுக்குங்க கண்ணு?

வெளிநாட்டில் ஆணி பிடுங்கும் நம்ம ஆட்கள் ஊருக்குப் போனதும் செய்யும் முதல் வேலை, அப்பா அம்மா வீட்டு வாசலில் கேமரா வைத்த 'ஸ்மார்ட்' பெல் மாட்டுவது. அப்புறம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, பால்காரர் எப்போ வந்தார், வேலைக்கு வர்ற அக்கா எப்போ போனாங்க என்று மொபைலில் பார்த்துக்கொண்டிருப்பது. கேட்டால் பாசமாம். எனக்கென்னவோ வேவு பார்க்கிற மாதிரிதான் இருக்கு.

நம்ம கதைக்கே வர்றேன். பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்க வீடு. அப்பாவுக்குக் காது மந்தம். அம்மா பின்கட்டில் இருந்தால் பெல் கேட்காது. ஒருநாள் கேஸ் சிலிண்டரே திரும்பிப் போய்விட்டது. உடனே தம்பி, "கேமரா பெல் வாங்கிடலாம்ணா" என்றான்.

பிரச்சினை, சத்தம் கேட்கலை. அதுக்குத் தீர்வு கேமராவா? என்ன லாஜிக் இது?

ஏற்கெனவே வாசலில் இருந்தது சாதாரண வயர்லெஸ் பெல்தான். பொத்தானை அமுக்கினால் 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒரு சின்ன ரேடியோ குறியீடு போகும். அதைக் கேட்டு உள்ளே இருக்கிற பெட்டி பாட்டுப் பாடும். அவ்வளவுதான் விஷயம். டிவி பார்க்க விற்ற யூஎஸ்பி குச்சி ஒன்றை ராஸ்பெரி பை-யில் செருகி, ஆர்டிஎல்_433 என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் அதே குறியீடு அதுக்கும் கேட்கும். அங்கிருந்து ஹோம் அசிஸ்டென்ட்டுக்கு அனுப்பினால், யாராவது பெல் அடிக்கும்போது ஹால் விளக்கும் பின்கட்டு விளக்கும் மூணு தடவை கண் சிமிட்டும். அப்பாவுக்குக் காது வேண்டாம், கண் போதும்.

இதில் எனக்குப் பிடித்ததே, பழைய பெல்லை யாரும் தொடவில்லை என்பதுதான். நெட் போனாலும் விளக்கு சிமிட்டும். பை செத்துப் போனாலும் பெல் எப்போதும் போல அடிக்கும். கம்பெனிக்காரன் சர்வரை நம்பி வாங்கின பொருளுக்கு இந்த உத்தரவாதம் உண்டா? 2016-ல் நெஸ்ட், தான் வாங்கிய ரிவால்வ் கம்பெனியின் சர்வரை மூடியபோது, கிட்டத்தட்ட 300 டாலர் கொடுத்து வாங்கின பெட்டியெல்லாம் வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022-ல் இன்ஸ்டியான் சர்வர் ஒருநாள் திடீரென்று நின்றே போனது. 2023-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ரிங் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று குற்றம்சாட்டி, 58 லட்சம் டாலருக்குக் கேஸ் முடிந்தது. இதையெல்லாம் படித்துவிட்டும் அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் மாட்டணுமா?

"திருடன் வந்தா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பூட்டும், கிரில்லும், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் எதுக்கு இருக்காங்க? பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கும் நான் திருடனைத் திரையில் பார்த்து என்ன கிழிக்கப் போறேன்? இன்னொன்று, இந்த மலிவு பெல்களில் பெரும்பாலும் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. குறியீட்டை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து திரும்ப அனுப்பலாம். அதனால் விளக்கோடு நிறுத்துங்க. கதவுப் பூட்டை மட்டும் இதோடு இணைத்துவிடாதீர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. முதல் இரண்டு வாரம் பெல் அடித்தால் என் மொபைலுக்கும் செய்தி வரும்படி வைத்திருந்தேன். அடித்த அடுத்த நிமிஷம் போன் போட்டு "யாரும்மா வந்தா?" என்பேன். ஒருநாள் அம்மா கேட்டார்: "ஏன்டா, பெல்லு எனக்கா, உனக்கா?"

அன்றைக்கே அந்த வரியை அழித்துவிட்டேன். இப்போ யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவே சொல்கிறார், வேண்டியதை மட்டும்.

டிஸ்கி: தம்பி இன்னும் கேமராதான் வேணும் என்கிறான். அவன் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளட்டும் :-)