வேதனை தணித்தலும் சிகிச்சையே

பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் புதுமருந்தை அளித்து, 1948-இல் முடிவை வெளியிட்டார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது, ஆயினும் சிறிது காலமே.

இன்று புதுமருந்துச் சோதனையின் முதற்கட்டம், உடல் தாங்கக்கூடிய அளவை அறியவே பெரிதும் நடத்தப்படுகிறது. பெற்றோரோ, குழந்தை குணமடையும் என்னும் நம்பிக்கையுடன் இசைவு தருகின்றனர். எனவே வலி, குமட்டல், அச்சம் ஆகியவற்றைத் தணிக்கும் பராமரிப்பைச் சோதனை முடியும்வரை ஒத்திவைப்பது முறையன்று. நோய்க்குச் சிகிச்சை நடப்பினும் நடவாவிடினும், நோய் கண்டறியப்பட்ட நாள்முதலே அது தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்த கொள்கை.

வலிதணிப்பை நாடுவது நம்பிக்கையைக் கைவிடுவதாகாது. இதனைப் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமையாகும்.