மனோதிடம் என்னும் மாயமருந்து

மாஞ்சோலை எஸ்டேட் மலையை விட்டு இறங்கி மணிமுத்தாற்றுப் பக்கம் குடிவந்த ஒரு குடும்பத்தில், முப்பது வயது நிரம்பாத மூத்த மகன் குடியினால் ஈரல் கெட்டு மாண்டுபோனான் என்று கேள்விப்பட்டு, சென்ற மாதம் துஷ்டி விசாரிக்கப் போயிருந்தேன். பந்தலில் பெரியவர்கள் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தாய் படுத்து அழுதுகொண்டிருந்த அறையின் ஜன்னல் தம் முதுகுக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது என்பதைச் சற்றும் லட்சியம் செய்யாமல், "இதுல அழுகதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? அவனாத் தேடிக்கிட்டது. மனசுல உறுதி இருந்தா விட்டிருக்க மாட்டானா?" என்று என்னிடம் தீர்ப்புக் கூறினார். சுற்றியிருந்தவர்கள் தலையை அசைத்து ஆமோதித்தார்கள். தீர்ப்புக் கூறிய பெரியவர் அதற்குள் எத்தனை தடவை பொடி டப்பியைத் திறந்து மூடினார் என்பதை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் மனோதிடத்தைப் பற்றிய இந்தக் கட்டுரைக்குப் பயன்பட்டிருக்கும்.

இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருடைய சொந்தச் சரக்கு அன்று. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி தொடுகிற ஊர்களிலெல்லாம், டீக்கடையிலும் கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தியிலும், படித்தவரும் படியாதவரும் ஒரே சுருதியில் பாடுகிற பாட்டு இது. குடிக்கிறவன் கொழுப்பெடுத்துக் குடிக்கிறான், நினைத்தால் விடலாம், நினைக்க மாட்டான், ஆகவே சாகிறான், ஆகவே நமக்கு அதில் ஒன்றுமில்லை. இந்தத் தர்க்கத்தின் மற்றப் படிகளைக் காட்டிலும் கடைசிப் படியின் மேல்தான் நம் ஜனங்களுக்குப் பிரியம் அதிகம் என்பது என் நெடுநாளைய சந்தேகம். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தபோது, இறந்தவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தவுடனே, விஷம் எப்படி வந்தது, யார் விற்றார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்விகளையெல்லாம் அமுக்கிக்கொண்டு எழுந்த கேள்வி, "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்பது. தாய் தந்தை இருவரையும் இழந்து நின்ற குழந்தைகளைக் கண்டும் அந்தக் கேள்வி கூச்சப்படவில்லை.

மனோதிடவாதிகளுக்கு நான் ஒரே ஒரு மனிதரை நினைவூட்ட விரும்புகிறேன். டி. டி. கிருஷ்ணமாச்சாரியை அறியாதவர் இல்லை. இருமுறை இந்தியாவின் நிதியமைச்சராக இருந்தவர். அவர் தொடங்கிய வியாபாரக் குழுமத்தின் பிரஷர் குக்கர் இன்று பந்தலிலிருந்த பெரியவர் வீட்டு அடுப்பிலும் விசிலடித்துக்கொண்டிருக்கக் கூடும். கிருஷ்ணமாச்சாரியின் பேரர் டி. டி. ரங்கநாதன். செல்வம், கல்வி, குலப்பெருமை, அன்பான மனைவி என்று மனிதன் ஒருவன் ஆசைப்படக்கூடிய யாவும் அமையப்பெற்றிருந்த அவர், முப்பதுகளிலேயே குடிநோய்க்குப் பலியானார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் இந்த வியாதியைப் பற்றி அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-இல் சென்னையில் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1992-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இப்போது சொல்லுங்கள். வளர்ப்புச் சரியில்லை என்கிறீர்களே, நிதியமைச்சர் வீட்டு வளர்ப்பில் என்ன குறை கண்டீர்கள்? படிப்பு இல்லாததால் கெட்டான் என்கிறீர்களே, அந்த வீட்டில் படிப்புக்கா பஞ்சம்? எஸ்டேட்டுக்காரன், லயன் வீட்டில் பிறந்தவன், அந்தச் சாதிக்கு இது சகஜம் என்று குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்வீர்களே, அந்த வார்த்தையை டி.டி.கே. குடும்பத்தின் வாசலில் நின்று உரக்கச் சொல்ல உங்களுக்குத் தைரியம் உண்டா? பணக்கார வீட்டுப் பிள்ளை குடித்து இறந்தால் துரதிர்ஷ்டம், கூலிக்காரன் பிள்ளை குடித்து இறந்தால் திமிர் என்று வியாதிக்கே வர்ணாசிரமம் வகுத்து வைத்திருக்கிறோம்.

மாஞ்சோலைக்காரனுக்கு மனோதிடம் போதாது என்று சொல்கிறவர்கள் மாஞ்சோலையை அறியாதவர்கள். சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரை 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகளை உண்டாக்கியபோது, அட்டைக் கடியையும் குளிரையும் மாதக்கணக்கில் விடாத மழையையும் பொறுத்துக்கொண்டு, காட்டை வெட்டிச் செடி நட்டுக் கொழுந்து கிள்ளியவர்கள் இவர்களுடைய பாட்டன் பாட்டிமார்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போன இந்த ஜனங்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் போலீஸ் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்க, ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் உயிர் இழந்தார்கள். மிஞ்சியவர்கள் மறுபடியும் மலையேறிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். கருணாபுரத்தில் பிணங்கள் விழுந்த அதே 2024 ஜூன் மாதத்தில்தான், குத்தகை முடிய ஏறக்குறைய நான்கு வருஷம் மிச்சமிருக்க, கம்பெனி வேலையை நிறுத்தியது. நான்கு தலைமுறையாக வாழ்ந்த வீட்டைக் காலி செய் என்றது. இத்தனையையும் தாங்கிய ஜனங்களிடம் போய்த்தானா, பொடி டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மனோதிடத்தைப் பற்றி உபதேசம் செய்வது?

இறந்த பையனுடைய திடத்துக்கு வேறு சாட்சியும் வேண்டுமானால், அவன் வருஷந்தோறும் கார்த்திகை முதல் தேதியில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டவன். மாலை கழுத்தில் இருக்கிற நாளெல்லாம் ஒரு சொட்டுத் தொடமாட்டான். விடியற்காலைக் குளிர்ந்த நீரில் குளித்து, வெறுந்தரையில் படுத்து, குருசாமி சொன்ன நியமம் ஒன்றையும் தப்பமாட்டான். "மாலை போட்டா இருக்க முடியுதுல்லா, மத்த நாள்ல இருந்தா என்னவாம்?" என்று இதையே அவனுக்கு எதிரான குற்றச்சாட்டாகப் பந்தலில் ஒருவர் எடுத்து வீசினார். ஐயா, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்: ஒரு மண்டலம் நாவைக் கட்டி இருக்கிற உறுதி அவனிடம் இருந்தது. மாலை போட்ட நாட்களில் ஊரார் அவனை "சாமி" என்று கூப்பிட்டார்கள்; உடனிருந்து பாடக் கூட்டம் இருந்தது; வா என்று கடைக்கு இழுக்கிறவன் இல்லை; வீட்டில் தனியாக அவனுக்கென்று சமைத்தார்கள். மாலையைக் கழற்றிய மறுநாளே சாமி என்று அழைத்த அதே வாய்கள் "குடிகாரப் பய" என்று அழைத்தன. உறுதி அவனிடம் அன்றும் இருந்தது. ஊர்தான் உடன் இல்லை. சுற்றி நிற்க மனிதர்கள் இருந்தபோது நின்றவன், அவர்கள் கலைந்ததும் விழுந்தான் என்றால், விசாரணை அவனிடத்தில் மட்டும்தானா நடக்க வேண்டும்?

உடம்பில் நடக்கிற காரியத்தை வைத்தியர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே குடிநோயை வியாதி என்று அங்கீகரித்துவிட்டது. வருஷக்கணக்காக மதுவில் ஊறிய மூளை, மது இருப்பதையே தன் இயல்பாக வைத்துப் பழகிக்கொள்கிறது. திடீரென்று அது நின்றால் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், இன்னும் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் கதவு திறக்கிற வேளையில் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேர் உல்லாசத்துக்கு வந்தவர்கள் அல்லர், கை உதறலை நிறுத்த ஒரு குவார்ட்டர் தேடி வந்தவர்கள் என்பது முகத்திலேயே எழுதியிருக்கும். நீரிழிவுக்காரனிடம் போய், மனத்தை உறுதியாக வைத்துக்கொண்டு சர்க்கரையைக் குறை, இன்சுலின் எதற்கு என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் அவனுக்குப் பைத்தியம் என்பார்கள்.

இந்த இடத்தில் சர்க்காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 2003 முதல் சில்லறை வியாபாரத்தையும் தானே நடத்துகிற டாஸ்மாக், 2023-24-இல் கஜானாவுக்குக் கொடுத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பாட்டிலைச் சர்க்காரே விற்று, குடி உடம்புக்குக் கேடு என்ற உபதேசத்தையும் அதன் மேலேயே அச்சடித்துக் கொடுக்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு ஈடு உலகில் உண்டா என்று தெரியவில்லை. குடிப்பவன் தானாகத் தேடிக்கொண்டான் என்றால், தேடுகிறவனுக்குத் தெருமுனையிலேயே கிடைக்கும்படி கடை வைத்தவர் யார்?

சர்க்காரோடு நின்றால் போதுமா? "குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற பொடி வியாபாரிகள், மகனை மீட்கிற ஆசையில் தாலியை அடகு வைக்கிற தாய்மாரிடம் காசு பறிக்கிறார்கள். மறுவாழ்வு இல்லம் என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே கம்பால் அடித்துத் திருத்துகிறவர்கள் இன்னொரு ஜாதி. எல்லாவற்றிலும் கொடியது, "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிருவான்" என்று ஊரார் ஏகமனதாக எழுதிக்கொடுக்கிற மருந்துச்சீட்டு. இதில் மருந்தாக அரைபடுவது எங்கேயோ பிறந்து வளர்ந்த ஒரு பெண்பிள்ளை. ரங்கநாதனுக்கும் கல்யாணம் ஆகித்தான் இருந்தது. சாந்தி ரங்கநாதனைப் போன்ற மனைவி வாய்த்தும் அந்த வியாதி அடங்கவில்லை. அம்பாசமுத்திரத்துத் தரகர் கொண்டுவருகிற பெண் அடக்கிவிடுவாளா?

ஆனால் எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். அந்தப் பையன் மலையில் ஜீப் ஓட்டியவன். யானை மறித்த இரவுகளிலும், பாதை மழையில் அரித்துக் கிடந்த இரவுகளிலும், பிரசவ வேதனையில் துடித்த பெண்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன். துஷ்டிக்கு வந்தவர்களில் அவன் ஜீப்பில் பிறக்காமல் தப்பி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் பாட்டியும் இருந்தாள். அவள்கூட வாய் திறக்கவில்லை. திறந்தால் குடிகாரனுக்குப் பரிந்து பேசினாள் என்று ஆகிவிடுமே! வீட்டார் அடித்த அஞ்சலிச் சுவரொட்டியில் "உடல்நலக் குறைவால்" என்று இருந்தது. தம்பியோ விசாரித்தவர்களிடமெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லிக்கொண்டிருந்தான். மனோதிடச் சித்தாந்தம் ஒரு மனிதனைச் சாகவிட்டதோடு திருப்தியடையாமல், அவனை நினைத்து நேராக அழுகிற பாத்தியதையையும் பெற்றவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ஒரு வாலிபனுடைய ஆயுள் முழுவதும் அவனுடைய கடைசி மூன்று வருஷங்களுக்குள் போட்டு அடைக்கப்பட்டுவிடுகிறது.

சாந்தி ரங்கநாதன் அப்படி மறைக்கவில்லை. நாடறிந்த குடும்பத்தின் மருமகள் காமாலை என்றோ மாரடைப்பு என்றோ சொல்லியிருந்தால் யாரும் மறுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். தம் கணவர் எந்த வியாதியால் இறந்தாரோ அந்த வியாதிக்கான ஸ்தாபனத்துக்கே டி. டி. ரங்கநாதன் என்று அவர் பெயரை வைத்தார். அதன் வாசலை மிதிக்கிற ஒவ்வொரு நோயாளியும், நிதியமைச்சரின் பேரருக்கும் இது வந்தது என்று அறிந்துகொண்டே உள்ளே போகிறான்.

மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்களும், தாமிரபரணிக் கரையில் அவர்களுக்கு அண்டை வீட்டாரான நீங்களும், தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிற பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவனுக்குப் பெண் பார்க்காதீர்கள், சாம்பாரில் பொடி கலக்காதீர்கள், திடத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து இருக்கிறது. அழைத்துக்கொண்டு போங்கள், ஒரு தடவை போய்த் திரும்ப விழுந்தான் என்றால், மறு தடவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.