கறுப்பிலும் பேதமுண்டு

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அக்காலத்துத் துறைமுகப் படங்களிலே வானையும் கடலையும் கப்பலையும் பிரித்துக் காட்டுவது சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கம் ஒன்றே. அத்தகைய படங்களை இன்று கணினி வழியே அச்சிடுவோர் மையின் சாயலை நோக்குதல் வேண்டும்.

வண்ண மைகளைக் கலந்து பெறும் சாம்பல், பகலொளியில் செவ்வையாய்த் தோன்றி, விளக்கொளியில் பச்சையாகவோ சிவப்பாகவோ திரியக்கூடும். கரித்துகளாலான மைகளில் அத்திரிபு குறைவு, ஆயுளும் நெடிது. ஆயினும் தனிக்கரி சற்றே பழுப்புச் சாயலுடையது.

மாணவர்களே, கணினித் திரையை மட்டும் நம்பற்க. திரை தானே ஒளிர்வது. தாளோ தன்மேல் விழும் ஒளியையே திருப்பித் தருவது. ஒரேவகைத் தாளில் இருவிதமாகவும் அச்சிட்டு, உலர்ந்தபின், பகலிலும் விளக்கிலும் ஒப்பிடுக. பாட்டனார் பார்த்த துறைமுகத்தைப் பேரப்பிள்ளைகள் அத்தாளிலேதான் பார்க்கப்போகின்றனர்.